வன்னியிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு: ஆகஸ்ட் கடைசியில் உலக முடிவு வட்டப் பாதையை நடப்பது எப்படி

வன்னிச் சனத்துக்கு நடை பெரிய விஷயமில்லை. வெயிலுக்குள் வயலுக்கும் குளத்துக்கும் நடந்து பழகிய கால்களுக்கு, நுவரெலியாவுக்கு அப்பால் உள்ள ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவின் ஒன்பதரைக் கிலோமீற்றர் வட்டப் பாதை பயப்பட வேண்டிய தூரமே இல்லை. ஆனாலும் கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வான் பிடித்துப் போகிற கூட்டங்களில் பல, உலக முடிவு என்கிற செங்குத்து மலைவிளிம்பில் போய் நின்று வெள்ளை மூடுபனியை மட்டும் பார்த்துவிட்டு, அதற்கு முன்னால் நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டு திரும்பி வருகின்றன. காரணம் ஒன்றுதான், பிந்திப் போகிறார்கள். காலை ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்தாக்கிலிருந்து புகார் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். ஆகவே காலை 6 மணிக்கு நீங்கள் பூங்கா வாசலில் நிற்க வேண்டும். எந்த நாள் போவது, எங்கே தங்குவது, எப்போது வெளிக்கிடுவது, என்ன கட்டிக்கொண்டு போவது எல்லாவற்றையும் அந்த ஆறு மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

எந்த நாள்

மலையில் வானம் தெளிவாக இருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. அது எங்களுக்குப் பெரும்போக அறுவடைக் காலம், வயலை விட்டுவிட்டு ஆர் போவது? கை ஓய்வதும் கையில் காசு இருப்பதும் சிறுபோகம் வெட்டி நெல்லை விற்ற பிறகு, ஆகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பர் முதல் பாதியிலும்தான். அப்போது மலைக்குப் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம், என்ன காற்று அடிக்கிறது என்று விளங்கிக்கொண்டு போனால் சரி.

எங்கள் பக்கம் புழுதியைக் கிளப்புகிற சோளகமும் மலையில் மழை கொட்டுகிற காற்றும் ஒன்றுதான், தென்மேல் பருவக்காற்று. எங்கள் நிலம் தட்டை. காற்றை மேலே தூக்க ஒரு மலையும் இல்லாததால், ஈரம் இருந்தாலும் இறக்காமல் வழித்துக்கொண்டு போய்விடும். நடுமலையில் முட்டுகிற காற்றுக்கு ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை, ஏற ஏறக் குளிர்ந்து முகிலாகிக் கொட்டிவிடும். அதனால்தான் இரணைமடுவின் கரை காய்ந்து வெடித்து, சின்னக் குளங்களில் சேறு மட்டும் மிஞ்சிக் கிடக்கிற அதே கிழமையில் மலைமேல் தூறலும் புகாரும் நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் அந்தக் காற்றின் வேகம் குறையத் தொடங்கும், ஒக்டோபரில் பின்னேர இடிமழை வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற சில கிழமைகள்தான் உங்களுடையவை. மழை வராது என்று ஒருவரும் வாக்குத் தர முடியாது, விடியற்காலை தெளிந்து கிடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

சனி, ஞாயிறு, போயா தினங்களை விடுங்கள். தென்பகுதிச் சனம் முழுக்க அங்கேதான் நிற்கும், ரிக்கற் வரிசையிலேயே உங்கள் தெளிந்த வானம் கரைந்துவிடும். செவ்வாய், புதன் நல்லது. ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா, அதை ஒட்டி நல்லூர்த் திருவிழா, இந்த நாட்களில் வன்னியில் நல்ல வான் ஒன்றும் சும்மா நிற்காது. நிற்கிற வானை ஏன் ஒருவரும் பிடிக்கவில்லை என்று விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

ஆகஸ்ட் என்றால் கனடா, லண்டன், சுவிஸ் சொந்தங்களும் வந்து நிற்பார்கள், அவர்களையும் ஏற்றிக்கொண்டு போகத்தான் இந்தப் பயணமே பல வீடுகளில் கிளம்புகிறது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு நுழைவுக் கட்டணம் எங்களுக்கு உள்ளதைவிடப் பல மடங்கு. வாசலில் வைத்து மாமாவின் முகம் கறுக்கிறதைவிட வீட்டிலேயே சொல்லிவிடுவது மேல். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கை ஆவணத்தைக் கையோடு கொண்டுவரட்டும், மற்றவர்கள் எல்லோரும் அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பைத் தயார் செய்வது

கிளிநொச்சி கடல் மட்டத்திலிருந்து எழும்பியதாகவே சொல்ல முடியாத இடம். சமவெளி இருப்பது 2,100 மீற்றருக்கு மேலே. இந்த உயரத்தில் மலை நோய் வருவது அரிது, ஆனாலும் ஏற்றத்தில் மூச்சு வழமையைவிடக் கெதியாக இரைக்கும். இரண்டு மூன்று கிழமை முந்தியே பின்னேரத்தில் குளக்கட்டில் நடக்கத் தொடங்குங்கள். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, எது கிட்டவோ அது. கட்டின் மேல் நேராக நடப்பதால் பெரிய பிரயோசனம் இல்லை, கட்டின் சரிவில் ஏறி இறங்குங்கள், அந்தப் பாதை கேட்பது அந்தத் தொடைத் தசையைத்தான். இருட்ட முன்னம் வீட்டுக்கு வந்துவிடுங்கள், யானைக்கு உங்கள் பயிற்சி தெரியாது.

முட்டு வருத்தம் உள்ளவர்களுக்கு அந்தக் குளிர்காற்று சட்டென்று இழுப்பைக் கிளப்பிவிடும். இன்ஹேலர் வானுக்குள் இருந்து பயனில்லை, சட்டைப் பையில் இருக்க வேண்டும். பிரஷர், நெஞ்சு வருத்தம் என்று மருந்து எடுப்பவர்கள் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கள் ஊர்களில் செயற்கைக் காலோடு நடப்பவர்கள், காலில் இன்னும் ஷெல் துண்டு கிடப்பவர்கள் இல்லாத குடும்பம் குறைவு. அவர்களை விட்டுவிட்டுப் போக வேண்டாம். பாதையின் முதல் பகுதி பெரிதாகச் சிரமமில்லை, சின்ன உலக முடிவு வரை மெல்லப் போய் அதே வழியால் திரும்பலாம், மலைவிளிம்பை அங்கேயே பார்த்துவிடலாம். பெரிய உலக முடிவுக்குப் போகிற துண்டும் பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்குகிற படிகளும் ஈரத்தில் வழுக்கும், அங்கே ஊன்றுகோல் சறுக்கினால் பிடிக்க இடமில்லை. வழியில் உட்காரவும் நேரம் விட்டு, இவர்களை முதலில் நடக்க விடுங்கள்.

உடுப்பு, சாப்பாடு

எங்களை உண்மையில் வெல்வது குளிர்தான். அங்கே ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 13 பாகை அளவில்தான், விடியற்காலையில் அதற்கும் கீழே, அதோடு காற்று. 35 பாகையிலிருந்து போகிற உடம்புக்கு அது சரியான அடி. அதற்காகக் கிளிநொச்சிச் சந்தையில் தேடி அலைந்து, இருக்கிற ஒரே சுவெற்றரை யானை விலைக்கு வாங்காதீர்கள். நுவரெலியா நகரத்தில் குளிர்ச்சட்டை விற்கிற கடைகள் வரிசையாக இருக்கின்றன, விலையும் பேசலாம். ஒரே நிபந்தனை, கடை பூட்ட முன்னம் போய்ச் சேர வேண்டும்.

ஒரு தடித்த சட்டையைவிட இரண்டு மூன்று மெல்லிய சட்டை நல்லது, ஏனென்றால் நடக்கத் தொடங்கி அரை மணித்தியாலத்தில் வேர்க்கும், ஒன்றைக் கழற்றலாம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, பாரமும் கூடும். பாட்டாச் செருப்போடு வருகிற ஆக்களை அங்கே காணலாம், பெருவிரலில் சேறு அப்பி, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, கூர்க்கல்லில் நொண்டி நொண்டி வருவார்கள். அடியில் நல்ல பல் உள்ள சப்பாத்துப் போடுங்கள், புதிதாக வாங்கினால் குளக்கட்டிலேயே போட்டுப் பழகுங்கள். மாற்று சொக்ஸ் ஒரு சோடி, காதை மூடுகிற தொப்பி, ரெயின்கோட். குடை கொண்டுபோகாதீர்கள், அந்தக் காற்றில் அது உங்களையும் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கும்.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது பொலித்தீன். நடைபாதை தொடங்கும் ஃபார் இன் என்கிற பழைய கட்டடத்துக்கு அருகில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கற் உறையைப் பிரித்துக் கடுதாசியில் போட்டுத் தருவார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கிற லேபலையும் உரிப்பார்கள். முப்பது பேர் கூட்டத்தில் ஆளுக்கு நாலு பொதி இருந்தால் அங்கேயே அரை மணித்தியாலம் போய்விடும். வீட்டிலிருந்தே வாழையிலையிலோ சாப்பாட்டுப் பெட்டியிலோ கட்டிக்கொண்டு போனால் ஒரு கேள்வியும் இல்லை. எங்கள் பனங்கட்டிக் குட்டான் இருக்கிறதே, ஓலையால் பின்னி வருவது, இந்தச் சோதனைக்கென்றே செய்தது போல இருக்கும். ஏற்றத்தில் வாயில் ஒரு துண்டு பனங்கட்டி, சுடுதண்ணிப் போத்தலில் இஞ்சித் தேத்தண்ணி, ஒரு கை வறுத்த கச்சான், இதற்கு மேல் ஒரு எனர்ஜி பாரும் தேவையில்லை. ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர் கட்டாயம். குளிரில் தாகம் தெரியாது, அதற்காக உடம்பு தண்ணீர் கேட்கவில்லை என்று இல்லை.

போகிற வழி

ஏ9 வீதியில் வவுனியா, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என்று கண்டி வரை. கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியா 77 கிலோமீற்றர். அங்கிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாகச் சமவெளி இன்னொரு 32 கிலோமீற்றர். கிளிநொச்சியிலிருந்து கூட்டிப் பார்த்தால் 360 கிலோமீற்றர் அளவு வரும், ஆனால் கடைசி 110 கிலோமீற்றரை முதல் 250 கிலோமீற்றரின் வேகத்தில் கணக்குப் போடாதீர்கள். வன்னியின் நேர்வீதியில் ஓடிப் பழகிய சாரதிக்கு இறம்பொடை வளைவுகள் வேறு உலகம், மலையில் ஓடியவரா என்று கேட்டுத்தான் வான் பேச வேண்டும்.

இரவு பத்து மணிக்கு வெளிக்கிட்டு விடிய நேரே வாசலில் போய் நிற்போம், ஹோட்டல் காசு மிச்சம் என்று ஒரு திட்டம் எப்போதும் ஓடும். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஒரே சாரதி இரவு முழுக்க ஓட்டி, விடியற்காலை மூன்று மணிக்குப் புகாருக்குள் மலை ஏறுவது நடையைவிடப் பல மடங்கு ஆபத்து. முதல் நாள் விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டால் பின்னேரம் நுவரெலியாவில் நிற்கலாம். குளிர்ச்சட்டையும் வாங்கலாம், உடம்பும் ஒரு இரவு குளிருக்குப் பழகும்.

தங்குவதற்கு நகரத்தில் எல்லா விலையிலும் அறைகள் உண்டு. ஆனால் வன்னியில் பல பேருக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டங்களிலிருந்து வந்து கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் குடியேறிய குடும்பங்கள் எத்தனை, அவர்களின் பெரியப்பா மகன், சித்தி மகள் என்று யாராவது இன்னும் தோட்டத்தில் இருப்பார்கள். கேட்டால் சந்தோஷமாகக் கூப்பிடுவார்கள். போகும்போது கருவாடும் பனங்கட்டியும் கொண்டுபோங்கள், இரவில் அடுப்படியில் குந்தியிருந்து கதைக்கலாம், பாதையின் நிலவரமும் அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

பாதை நிலவரம் என்று சொல்வதை இலேசாக எடுக்காதீர்கள். 2025 நவம்பரில் வந்த டித்வா புயல் மலையக வீதிகளையும் ரயில் பாதையையும் பல இடங்களில் அறுத்துப் போட்டது. வெளிக்கிட முதல் நாள் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் நாளை மாற்றுங்கள். ரயிலில் போகிற எண்ணம் இருந்தால் வண்டி எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

நடக்கிற நாள்

நாலரைக்கு வான் நகர வேண்டும். அதற்கு நாலு மணிக்கு எழும்பினால் காணாது, முப்பது பேருக்கு இரண்டு குளியலறை என்றால் கணக்கு உங்களுக்கே விளங்கும். குளிக்க வேண்டாம், முகம் கழுவினால் போதும். பட்டிப்பொலப் பக்கமிருந்து ஏறும்போது வழியில் ரிக்கற் கொடுக்கிற இடம் வரும், ஒருவர் மட்டும் எல்லோருடைய அடையாள அட்டையோடும் காசோடும் இறங்கினால் வேலை கெதியாக முடியும்.

வாகனத் தரிப்பிடத்தில் மரை நிற்கும். எங்கள் காட்டில் மரையைக் காண்பதென்றால் இலை அசைந்து முடிய ஆள் இல்லை. இங்கே வானின் கதவடியில் வந்து மூக்கை நீட்டும், கழுத்து மயிரில் பனித்துளி தொங்கி நிற்பதுகூடத் தெரியும். சனம் தீன் போட்டுப் பழக்கிய பழக்கம் அது. போடாதீர்கள், சட்டப்படியும் குற்றம், உப்பு மணத்துக்குப் பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிடும். யானை பற்றிக் கேட்பீர்கள், அங்கே இப்போது யானை இல்லை, வெள்ளைக்காரர் காலத்து வேட்டையோடு அது முடிந்தது. சிறுத்தை உண்டு, பகலில் பாதையில் காண்பது அரிது.

கழிப்பறை ஃபார் இன் பக்கம்தான், அதை விட்டால் மூன்று நாலு மணித்தியாலம் ஒன்றும் இல்லை. கைத்தொலைபேசிச் சிக்னலையும் நம்பாதீர்கள். எத்தனை மணிக்கு எங்கே திரும்பிச் சந்திப்பது என்று இங்கேயே பேசிவிடுங்கள்.

கொஞ்சத் தூரம் போனதும் பாதை இரண்டாகப் பிரியும், பெயர்ப்பலகை இருக்கும். எது முதலில் என்று கேட்டால், சந்தேகமே வேண்டாம், உலக முடிவுப் பக்கம். நீர்வீழ்ச்சி புகாரிலும் தெரியும், உலக முடிவு தெரியாது.

தொடக்கத்தில் இருபக்கமும் புல்வெளி. எங்கள் தரவைக்கு ஒரு மேடு பள்ளம் வைத்தால் வரக்கூடிய வெளி என்று முதலில் தோன்றும், கிட்டப் பார்த்தால் ஒரு புல்லும் எங்கள் புல்லில்லை. நடுநடுவே கட்டையாக, முறுகிய கிளையோடு நிற்பது ரொடோடென்ரன், காலம் வாய்த்தால் இரத்தச் சிவப்பில் பூத்திருக்கும். மஞ்சள் பூவோடு முள் நிறைந்த பற்றை கண்டால் பிள்ளைகளைப் பிடியுங்கள், அது கோர்ஸ், ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய களை, முள் நல்லாக ஏறும். மரக்காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறையும், மரங்கள் எல்லாம் காற்றுக்குக் குனிந்து குட்டையாக நிற்கும், கிளைகளில் பாசியும் நரைத்த தாடி போன்ற லைக்கனும் தொங்கும். கீழே வளர்கிற நெலுச் செடிகள் எங்கள் சங்கப் பாட்டுக் குறிஞ்சியின் இனம்தான், பல வருடத்துக்கு ஒருமுறை எல்லாம் சேர்ந்து பூத்துவிட்டு மடியும். இங்கே ஊறுகிற தண்ணீர் மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் போகிறது. மகாவலித் தண்ணீர் வன்னிக்கு வரும் என்ற கதையைத் தலைமுறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிற எங்களுக்கு, அது தொடங்குகிற ஈரத்தில் கால் வைப்பது ஒரு மாதிரித்தான் இருக்கும்.

சின்ன உலக முடிவுக்கு முக்கால் மணித்தியாலம் தொடக்கம் ஒரு மணித்தியாலம். அங்கே படம் எடுப்பதில் நேரத்தைக் கரைக்க வேண்டாம், பெரியது இன்னும் அரை மணித்தியாலத்துக்கு மேல், அந்தத் துண்டுதான் முழுப் பாதையிலும் கடினம். செம்மண் மழையில் அரித்து வாய்க்கால் விழுந்திருக்கும், வேர்கள் படியாக நிற்கும். வேரின் மேல் மிதிக்காதீர்கள், ஈர வேர் கல்லைவிட வழுக்கும், வேருக்குப் பின்னால் உள்ள மண்ணில் காலை வையுங்கள். இறக்கத்தில் எட்டு வைப்பதைச் சின்னதாக்கி, முழங்காலைக் கொஞ்சம் மடித்துப் போங்கள்.

பெரிய உலக முடிவில் மலை ஒரே வெட்டாக 850 மீற்றருக்கு மேல் இறங்கும். கீழே தேயிலைத் தோட்டம், கோடு போட்டது போலப் பாதைகள், லயக் கூரைகள், தூரத்தில் நீர்த்தேக்கத்தின் மினுக்கம், நல்ல நாளில் தெற்கே கடல்கூடத் தெரியும் என்பார்கள். விளிம்பில் பின்பக்கமாக நகர்ந்து படம் எடுக்கவே கூடாது. 2015இல் நெதர்லாந்திலிருந்து வந்த ஒருவர் அப்படித்தான் விழுந்தார், சுமார் 40 மீற்றர் கீழே ஒரு மரத்தில் சிக்கியதால் உயிர் தப்பினார், இராணுவம் இறங்கித் தூக்கியது. எல்லோருக்கும் அங்கே மரம் இருக்காது. பிள்ளைகளின் கையைப் பெரியவர்கள் பிடிக்க வேண்டும், பெரிய பிள்ளைகளின் கையையும்.

நீங்கள் போகும்போதே மூடியிருந்தால் உடனே திரும்பாதீர்கள். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் காற்று சூடாகி மேலே வந்து குளிர்வதுதான் இந்தப் புகார், காற்று அடித்தால் நடுவில் திறந்து திறந்து மூடும். இருபது நிமிடம் உட்கார்ந்து தேத்தண்ணி குடியுங்கள். அதற்குள் திறக்காவிட்டால் நடையைக் கட்டுங்கள், குளிரில் வேர்வை காய உட்கார்ந்திருப்பது நல்லதில்லை. புகாருக்குள் குறுக்குப் பாதை தேடி மட்டும் புல்வெளியில் இறங்காதீர்கள், இருபது அடி போனால் எல்லாப் பக்கமும் ஒன்றாகவே இருக்கும்.

அங்கிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சி முக்கால் மணித்தியாலம். 20 மீற்றர் உயரம்தான், ஆனால் அகலமாக, பாறைமேல் விரிந்து விழுகிற அழகு. கிட்டப் போகப் படியில் இறங்கி அதே படியில் ஏற வேண்டும், களைத்தவர்கள் மேலேயே நிற்கலாம். குளிக்க முடியாது, தடை. தடை இல்லாவிட்டாலும் அந்தத் தண்ணீரில் கால் நனைத்தாலே போதும் என்று இருக்கும். ஸ்பீக்கர் பெட்டியை வானுக்குள்ளேயே விட்டு வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன், இந்தப் பாதையில் காது கேட்க வேண்டியது வேறு.

கடைசித் துண்டு மறுபடி புல்வெளி, இலேசான ஏற்ற இறக்கம். இங்கேதான் வெயில் சுடாமலே தோலை எரிக்கும், தொப்பியைக் கழற்றாதீர்கள். நிறுத்தி நிறுத்தி நடந்தாலும் பத்தரை, பதினொரு மணிக்கு ஃபார் இன்னில் நிற்பீர்கள். ஈர சொக்ஸை முதலில் மாற்றுங்கள், பிறகு சாப்பிடுங்கள்.

திரும்புவது

நீங்கள் நடக்கும்போது சாரதி வானுக்குள் நல்லாக நித்திரை கொள்ள வேண்டும், அவரையும் இழுத்துக்கொண்டு நடக்காதீர்கள். அவர் பார்க்க ஆசைப்பட்டால் அன்றிரவும் நுவரெலியாவில் தங்குகிற மாதிரித் திட்டம் போடுங்கள், அதுதான் நியாயம். பன்னிரண்டு மணிக்குள் இறங்கத் தொடங்கினால் இறம்பொடை வளைவுகளை வெளிச்சத்தில் தாண்டலாம். அன்றே கிளிநொச்சி என்று அடம்பிடிக்காமல் மாத்தளையிலோ தம்புள்ளையிலோ ஒரு இரவு தங்குங்கள். அடுத்த நாள் தொடை பிடித்துக்கொள்ளும், வானிலிருந்து இறங்கவே ஆள் பிடிக்க வேண்டி வரும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி எல்லோரையும் கொஞ்சம் நடக்க விட்டால் ஊர் வந்து சேரும்போது பாதி சரியாகிவிடும்.